கார்டைட்: ஒரு சொல்லின் பிறப்பும் பொருளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பிய ரசாயன சாஸ்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறிந்த வெடிப்பொருள்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்ப்போமானால், அவற்றுள் பல தத்தம் பொருளின் ஆற்றலையோ, தொழிலையோ, நிறத்தையோ, பிறந்த ஊரையோ பறைசாற்றுவனவாக இருக்கக் காண்கிறோம். ஆல்பிரட் நோபெல் 1867-இல் உலகுக்கு அளித்த 'டைனமைட்', சக்தி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. அவரே இருபதாண்டு கழித்து அளித்த 'பாலிஸ்டைட்', எறிதல் என்னும் வினையைத் தன்னுள் அடக்கியது. பிரெஞ்சுக்காரர் தம் குண்டுகளில் நிரப்பிய 'மெலினைட்', சீமைமாதுளம்பழத்தின் மஞ்சள் நிறத்தால் பெயர் பெற்றது. ஆங்கிலேயரின் 'லிடைட்', கெண்ட் பகுதியில் லிட் என்னும் சிற்றூரை அடுத்த பரீட்சைக் களத்தை நினைவூட்டுவது. இவ்வரிசையில் 1889-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த 'கார்டைட்' என்னும் பெயரோ ஆற்றலைப் பேசவில்லை, நிறத்தைப் பேசவில்லை, ஊரையும் பேசவில்லை. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் உரிய இந்தப் புகையற்ற மருந்து பார்வைக்குக் கயிறு போல இருந்தது. ஆகவே கயிறு என்னும் பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். அகராதிகள் இதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. ஆயினும், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும் இப்பெயரே அக்காலத்து வெடிமருந்துப் பெயர்கள் எல்லாவற்றினும் பொருளாழம் மிக்கது என்பது என் துணிபு.

சொல்லின் உறுப்புகள் இரண்டு. முதற்பகுதியாகிய 'கார்ட்' என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு அது லத்தீனிலிருந்தும், லத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்தும் கிடைத்தது. கிரேக்கத்தில் 'கோர்தே' என்பது முதலில் விலங்கின் குடலையும், பின்னர்க் குடலை முறுக்கி உலர்த்திச் செய்த யாழின் தந்தியையும் குறித்தது. உடலின் உறுப்பொன்றைக் குறித்த பெயர் இசைக் கருவியின் உறுப்புக்கும் ஆகிவந்த இந்தப் பொருள்வளர்ச்சி தமிழருக்குப் புதிதன்று. 'நரம்பு' என்னும் நம் சொல் உடம்பின் நரம்பையும் யாழின் நரம்பையும் ஒருங்கே சுட்டி, இசையிலக்கணத்திலும் இடம் பெற்றிருப்பதை நாம் அறிவோம். நாளத்தைக் குறிக்கும் 'ஹிரா' என்னும் வடசொல்லையும் இக்கிரேக்கச் சொல்லின் உறவினமாக ஒப்புமொழி நூலார் காட்டுவதுண்டு. இரண்டாம் பகுதியாகிய 'ஐட்' என்னும் விகுதியும் கிரேக்கத்தினின்று வந்ததே. அது முதலில் கற்களின் பெயர்களில் வழங்கியது. இரத்தம் போன்ற கல் என்னும் பொருளுடைய 'ஹெமடைட்' அதற்குத் தக்க உதாரணம். கனிப்பொருள்களுக்குப் பெயரிட்ட விஞ்ஞானிகள் இவ்விகுதியைத் தாராளமாகக் கையாண்டனர். டைனமைட்டின் புகழ் பரவிய பிறகு, வெடிப்பொருள் செய்வோர் எல்லாரும் தம் சரக்குக்கு ஒரு கௌரவம் உண்டாகவேண்டி இதனைப் பற்றிக்கொண்டனர். ஆக, யாழ் நரம்பும் கல்லும் சேர்ந்து ஒரு வெடிமருந்தின் பெயராயிற்று.

உறுப்பிலக்கணம் இவ்வளவே. பெயர் எதனால் பிறந்தது என்பதை உணரவேண்டுமானால் புகையின் கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும். பல நூற்றாண்டுகளாகப் போர்க்களங்களை ஆண்டுவந்த கருமருந்து, நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. அது எரியும்போது பாதிக்கும் குறைந்த பகுதியே வாயுவாகி குண்டைத் தள்ளுகிறது. எஞ்சியது பொட்டாசிய உப்புகளாகி, நுண்துகள்களாய்க் காற்றில் மிதந்து வெண்புகையாகப் படர்கிறது, அல்லது குழலின் உட்புறத்தில் கசடாகப் படிகிறது. இரண்டு முறை படைகள் சுட்டு முடிப்பதற்குள் களம் முழுவதும் மேகமூட்டமாகி, எதிரி இருக்கும் திசை தெரியாமற் போவதும், சுட்டவன் இருக்கும் இடம் மட்டும் எல்லார்க்கும் தெரிந்துவிடுவதும் அக்கால யுத்தத்தின் இயல்பு.

புகையின்றி எரியும் பொருள் 1846-லேயே கைக்கு எட்டியிருந்தது. அவ்வாண்டில் பாசல் நகரத்துப் பேராசிரியர் ஷோன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த திரவத்தில் தோய்த்துத் துப்பாக்கிப் பஞ்சைக் கண்டார். மறு ஆண்டில் டூரின் நகரத்து சொப்ரேரோ கிளிசரினை அவ்வாறே மாற்றி நைட்ரோகிளிசரினைக் கண்டார். இவ்விரண்டும் எரிந்தால் எஞ்சுவது அநேகமாக வாயு மட்டுமே. ஆனால் அவை எரியும் வேகத்துக்கு வரையறையே இல்லை. பஞ்சின் இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய வெளிகளினூடே நெருப்பு ஒரே கணத்தில் பாய்ந்துவிடுவதால், குண்டைத் தள்ளவேண்டிய மருந்து துப்பாக்கியையே பிளந்துவிடும். தகர்க்கும் மருந்து வேறு, உந்தும் மருந்து வேறு என்னும் பேதத்தை இங்கே கவனித்தல் வேண்டும்: பாறையைப் பிளப்பதற்கு ஒரு கணத்தின் அடி போதும், குண்டை எறிவதற்கோ, அது குழலின் வாயை அடையும்வரை பின்னின்று தொடர்ந்து தள்ளும் அழுத்தம் வேண்டும். 1884-இல் பால் வியே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, துப்பாக்கிப் பஞ்சை ஈதரும் சாராயமும் கலந்த திரவத்தில் பிசைந்து, இழையின் உருவமே அழிந்த பசையாக்கித் தகடாகத் தட்டி உலர்த்தி, அந்தப் பேதத்தை முதன்முதலாக வென்றார். அவருடைய மருந்துக்கு வாய்த்த 'பி' என்னும் ஓரெழுத்துப் பெயரை, கருமருந்துக்கு எதிராக வெண்மருந்து எனக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து என்று கொள்வாரும், பூலான்ஷே தளபதியின் பெயரின் முதலெழுத்து என்று கொள்வாரும் உளர். 1887-இல் நோபெல், கரையும் வகைப் பஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் ஏறக்குறையச் சம அளவாகச் சேர்த்து, சிறிது கற்பூரமும் கூட்டி, பாலிஸ்டைட்டை அமைத்தார். பிரெஞ்சுப் படை கையில் புகையற்ற மருந்தோடும் புதிய லெபெல் துப்பாக்கியோடும் நிற்க, பிரிட்டிஷ் சர்க்கார் வாளாவிருக்க முடியவில்லை.

1888-இல் அச்சர்க்கார் ஒரு வெடிப்பொருட் கமிட்டியை நியமித்தது. தலைவர் சர் பிரெடரிக் ஏபெல். அவர் யுத்த இலாகாவின் ரசாயன நிபுணராகப் பல்லாண்டு பணிபுரிந்து, துப்பாக்கிப் பஞ்சைக் கூழாக அரைத்துக் கழுவி அதன் துர்க்குணத்தை அடக்கும் முறையைக் கண்டவர். உடனிருந்தவர்கள் ஜேம்ஸ் டிவரும் டுப்ரேயும். டிவர், பிற்காலத்தில் வெப்பங்காக்கும் வெற்றிடக் குடுவையால் வீடுதோறும் பயன்பட்டவர். கமிட்டியார் நோபெலோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தனர். அவரும் நம்பிக்கையோடு தம் மருந்தின் மாதிரிகளையும் விவரங்களையும் அவர்களுக்கு அனுப்பிவந்தார். பாலிஸ்டைட்டில் அவர்கள் கண்ட குறை, கற்பூரம் நாளடைவில் ஆவியாகிப்போய் மருந்தின் குணம் மாறிவிடும் என்பது. ஆகவே கற்பூரத்தை நீக்கி, கரையும் பஞ்சுக்குப் பதிலாக ஈதர்ச் சாராயத்தில் கரையாத முழு வலுவுள்ள துப்பாக்கிப் பஞ்சை எடுத்துக்கொண்டு, அசிட்டோன் என்னும் திரவத்தின் துணையால் அதையும் நைட்ரோகிளிசரினோடு இணங்கச் செய்தார்கள். முதல் வகையின் அளவு, நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு துப்பாக்கிப் பஞ்சு, 5 பங்கு வாசலின். வாசலினைக் குழலுக்கு மசகாக உதவும் என்றே கருதிச் சேர்த்தார்கள். பின்னரோ அது மருந்து கெட்டுப்போகாமல் காக்கும் பொருளாகவும் அமைந்தது.

செய்முறையில்தான் பெயரின் கரு இருக்கிறது. உலர்த்திய பஞ்சின்மீது நைட்ரோகிளிசரினை ஊற்றிக் கையால் கலந்து, பின்பு அசிட்டோன் சேர்த்து இயந்திரத்தில் மணிக்கணக்காகப் பிசைந்து, வாசலினும் கூட்டி, மாவு போல் இளகிய அந்தப் பிண்டத்தைத் துளையிட்ட அச்சின் வழியே இடியாப்பம் பிழிவதைப்போல் பிழிந்தெடுத்தார்கள். மெல்லிய இழைகளை உருளையில் சுற்றினார்கள். பருத்தவற்றை அளவாக வெட்டினார்கள். இளஞ்சூட்டில் உலர்த்தி அசிட்டோனை வெளியேற்றினார்கள். எஞ்சியது கொம்பைப்போல் ஒளியூடுருவும் பழுப்புநிறக் கயிறு. பிரிட்டிஷ் காலாட்படையின் .303 துப்பாக்கித் தோட்டா ஒன்றில் ஏறத்தாழ 60 இழைகள், மொத்தம் சுமார் 2 கிராம் எடையில், ஒரு சிறு கட்டாக நிமிர்ந்து நின்றன.

தொடக்கத்தில் இப்பொருளுக்கு 'கமிட்டி மாற்றியமைத்த பாலிஸ்டைட்' என்றும், 'கயிற்று மருந்து' என்றும் இரண்டு வழக்குகள் இருந்தன. விரைவில் இரண்டும் மறைந்து 'கார்டைட்' என்னும் ஒரு சொல் நிலைபெற்றது. இம்மூன்று பெயர்களையும் அவை தோன்றிய முறையிலேயே வைத்து நோக்குதல் வேண்டும். முதற்பெயர், இது நோபெலின் கருத்திலிருந்து கிளைத்தது என்பதை ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது பெயர் அந்தக் கடனை மறந்து உருவத்தை மட்டும் பேசுகிறது. ஆனால் பொதுப்பெயராகவே நிற்கிறது. மூன்றாவது பெயரிலோ, கயிறு என்னும் சொல்லுக்கு ஐட் விகுதி சேர்ந்தவுடன், டைனமைட்டுக்கும் பாலிஸ்டைட்டுக்கும் சமதையான, தனக்கென்று ஒரு குலம் கோத்திரம் உடைய புதிய பதார்த்தம் பிறந்துவிட்டது. இது சூழ்ச்சியால் நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அலுவலக நடைமுறையில் நீண்ட பெயர் குறுகுவது இயற்கையே. ஆயினும் பெயர் மாறிய அந்தச் சில மாதங்களில், ஒரு மனிதரின் பங்கு சொல்லளவில் துடைக்கப்பட்டுவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

நோபெல் அதை மறுக்காமல் விடவும் இல்லை. ஏபெலும் டிவரும் 1889-இல் காப்புரிமை பெற்றுச் சர்க்காருக்கு ஒப்படைத்ததை அறிந்து அவர் மிகவும் மனம் நொந்தார். அவருடைய கம்பெனி, அரசாங்கப் படைக்கலத் தொழிற்சாலைகளின் தலைமை இயக்குநராயிருந்த ஆண்டர்சன்மீது வழக்குத் தொடுத்தது. மூன்று நீதிமன்றங்களில் நடந்த அவ்வழக்கு 1895-இல் பிரபுக்கள் சபையில் முடிவுற்றது. வழக்கு முழுவதும் நோபெலின் காப்புரிமை வாசகத்தில் இருந்த ஒரு சிறு தொடரைச் சுற்றியே சுழன்றது. நைட்ரோ செல்லுலோஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் இருவகைப் பஞ்சும் அதில் அடங்கியிருக்கும்; அவரோ, எல்லாரும் அறிந்த கரையும் வகை என்று அடைமொழி சேர்த்திருந்தார். கார்டைட்டில் இருப்பது கரையாத வகை. ஆகவே உரிமை மீறப்படவில்லை என்று நீதிபதிகள் தீர்த்தனர். சட்டத்தின் எழுத்துப்படி அத்தீர்ப்பைக் குறைகூற இடமில்லை. ஆனால் இரண்டு கொடிய வெடிப்பொருள்களை ஒன்றோடொன்று பசையாகப் பிணைத்தால் இரண்டும் அடங்கி நிதானமாக எரியும் என்னும் மூலக்கருத்து நோபெலினுடையதே என்பதைச் சரித்திரம் எழுதுவோர் விட்டுவிடலாகாது. அவர் அந்த ஏமாற்றத்தோடு 1896 டிசம்பர் 10-ஆம் நாள் காலமானார்.

அப்படியானால் கமிட்டியாருடைய பங்கு என்ன? இங்கேதான் கயிறு என்னும் பெயர் தன் முழுப்பொருளையும் வெளியிடுகிறது. இழையழிந்து பசையாகிய மருந்து, கருமருந்தின் மணியைப்போல் பிளவுபட்டு எரிவதில்லை. மேற்பரப்பிலிருந்து உட்புறம் நோக்கி, ஒவ்வொரு படலமாக, ஒழுங்காக எரிகிறது. ஆகவே ஒரு நொடியில் உண்டாகும் வாயுவின் அளவை நிர்ணயிப்பது அந்த நொடியில் எரிந்துகொண்டிருக்கும் மேற்பரப்பு. மருந்து முழுவதும் எரிந்து முடியும் காலத்தை நிர்ணயிப்பது கயிற்றின் பருமன். அழுத்தம் ஒத்திருந்தால் பருமன் இரட்டித்த கயிறு இரட்டிப்பான நேரம் எரியும். குட்டையான துப்பாக்கிக் குழலுக்கு மெல்லிய நூல் வேண்டும். முப்பதடி நீளமுள்ள கப்பற் பீரங்கிக்கு விரல் போன்ற தடி வேண்டும். கூட்டுப்பொருள் ஒன்றேயாக இருக்க, பிழியும் அச்சின் துளையை மாற்றுவதாலேயே சிறு துப்பாக்கி முதல் பெரும் பீரங்கி வரை எல்லாவற்றுக்கும் தக்க மருந்தை அமைத்துவிடலாம். கருமருந்துக் காலத்திலேயே ராட்மன் முதலியோர் மணிகளின் அளவையும் வடிவையும் மாற்றிப் பார்த்ததுண்டு. ஆனால் அந்த மணிகள் அழுத்தத்தில் நொறுங்கிவிடுவதால் கணக்கு நிலைக்கவில்லை. கார்டைட்டில் அது நிலைத்தது. பிரிட்டிஷ் படைக்கலச் சாலைகளில் இம்மருந்தின் வகையைக் குறிக்க அச்சுத்துளையின் விட்டத்தையே எண்ணாக வழங்கினார்கள். துப்பாக்கிக்கு உரியது 3¾ என்னும் அளவு, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பத்தேழரைப் பங்கு. டைனமைட் என்னும் பெயர் சக்தி என்று பொதுவாகப் பெருமை பேசுகிறது. பாலிஸ்டைட், எறியும் மருந்துகள் அனைத்துக்கும் பொருந்தும் பெயர். கார்டைட் என்பதோ, இந்தப் பொருளின் குணம் எதனால் ஆளப்படுகிறதோ அந்த ஒன்றையே, அதன் வடிவத்தையே, சுட்டிக் காட்டுகிறது.

பெயர் நிலைத்தது, பொருளோ மாறிக்கொண்டே போயிற்று. நைட்ரோகிளிசரின் மிகுந்த முதல் வகை, கடும் வெப்பத்தோடு எரிந்து குழலின் உட்புறத்தை அரித்தது. அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் 1895-லேயே லீ மெட்போர்ட் துப்பாக்கியின் ஆழமற்ற உள்வரிகளைக் கைவிட்டு, லீ என்பீல்டின் ஆழமான வரிகளை ஏற்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்க யுத்தத்தின் அனுபவத்துக்குப் பிறகு, நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்துப் பஞ்சை 65 பங்காக உயர்த்தி, 'திருத்திய' என்பதற்கு அடையாளமாக எம்.டி. என்னும் எழுத்துகளைச் சேர்த்தனர். முதல் உலக மகாயுத்தம் மூண்டபோது அசிட்டோனுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. மரத்தை வாட்டி வடித்தே அது கிடைத்துவந்தது. அதற்கு வெளிநாடுகளை நம்பியிருக்கவேண்டிய நிலை. மான்செஸ்டரில் ஆசிரியராக இருந்த சைம் வைஸ்மன், மாவுப்பொருளை ஒருவகைப் பாக்டீரியத்தால் புளிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் வழியைக் காட்டினார்; சோளம் முதலிய தானியங்கள் அரிதானபோது, 1917-இல் பள்ளிப்பிள்ளைகளைக் கொண்டு குதிரைக்கொட்டைகளைப் பொறுக்கச் செய்தும் பார்த்தார்கள். இவரே பின்னர் இஸ்ரேல் நாட்டின் முதல் ராஷ்டிரபதி. மற்றொரு புறம், அசிட்டோனே வேண்டாதபடி, கரையும் பஞ்சையும் ஈதர்ச் சாராயத்தையும் கொண்டு ஆர்.டி.பி. என்னும் வகையைத் தரைப்படைக்காக வகுத்தனர். வழக்கில் கார்டைட்டைப் பாலிஸ்டைட்டினின்றும் வேறுபடுத்திய அந்தக் கரையாத பஞ்சு இப்போது போய்விட்டது. நோபெல் சொன்ன கரையும் வகையே உள்ளே வந்துவிட்டது. பெயர் மட்டும் கார்டைட்டாகவே இருந்தது! நீதிமன்றத்தில் அத்தனை பாடுபட்டு நிலைநாட்டிய வேற்றுமை, இருபதாண்டுகளில் தேவையின் முன் கரைந்துபோனதை எண்ண நெஞ்சம் கனக்கிறது.

ஆர்.டி.பி. வகையைப் பெருவாரியாகச் செய்ய ஸ்காத்லாந்தின் எல்லையில் கிரெட்னாவை ஒட்டி, பல மைல் நீளத்துக்கு ஒரு தொழிற்சாலை எழுந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே வேலை செய்தனர்; பஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் அவர்கள் வெறுங்கையால் பிசைந்ததைக் கண்ட ஆர்தர் கோனன் டாயில், அக்கலவையைச் சாத்தானின் கூழ் என்று வருணித்தார். அமில ஆவியாலும் நைட்ரோகிளிசரினாலும் அப்பெண்கள் பட்ட தலைவலியையும் மயக்கத்தையும் கார்டைட்டின் சரித்திரத்தில் ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுவது நியாயமன்று. 1916 மே 31-ஆம் நாள் ஜட்லந்துக் கடற்போரில் இண்டிபாட்டிகபிள், குயீன் மேரி, இன்வின்சிபிள் என்னும் மூன்று பிரிட்டிஷ் பெருங்கப்பல்கள், பட்டுப்பைகளில் கட்டிய கார்டைட்டில் தீப்பரவி வெடித்து மூழ்க, மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். சுடும் வேகத்துக்காக மருந்தறைக் கதவுகளைத் திறந்துவைத்த பழக்கமும் அதற்கு ஒரு காரணம் என்பர்.

இரு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், கரைக்கும் திரவமே இன்றி வெப்பத்தாலும் உருளைகளின் அழுத்தத்தாலும் செய்யும் எஸ்.சி. வகையும், பாதிக்கு மேல் நைட்ரோகுவானிடின் கலந்ததால் சுடரொளி தோன்றாத 'என்' வகையும் உண்டாயின. கயிற்றுக்குப் பதிலாகத் துளையுள்ள குழலாகவும், பல துளைகளுள்ள மணியாகவும் பிழிந்தார்கள். திண்ணிய கயிறு எரிய எரிய மெலிந்து, அதன் மேற்பரப்பும் சுருங்குகிறது. துளையுள்ள குழலில் வெளிப்புறம் குறைவதை உட்புறம் பெருகி ஈடுசெய்வதால் அழுத்தம் சீராக நிற்கிறது என்பதே காரணம். கயிறு அல்லாத பொருளுக்கும் கயிறு என்னும் பெயரே வழங்கியதால், பிரிட்டிஷ் ராணுவ வழக்கில் கார்டைட் என்பது நைட்ரோகிளிசரின் கலந்த உந்துமருந்துகளின் இனப்பெயராகிவிட்டது.

இச்சொல் நம் நாட்டு மண்ணிலும் வேரூன்றியிருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் இந்தியப் படைக்கு வேண்டிய கார்டைட்டை இங்கேயே செய்யவேண்டி, நீலகிரியில் குன்னூருக்கும் கேத்திக்கும் இடையேயுள்ள அருவங்காட்டில் சர்க்கார் ஒரு தொழிற்சாலையை நிறுவியது. நைட்ரோகிளிசரினும் பஞ்சும் வெப்பத்தைப் பொறாதவை. மலையின் குளிர்ச்சியும், நீர்வளமும், அருகிலுள்ள வெலிங்டன் பாசறையும், மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் வரை வந்துவிட்ட மலை ரயிலும் இடத்தேர்வுக்கு ஏற்ற காரணங்களாகத் தோன்றுகின்றன. காட்டேரி அருவியிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்தார்கள். அருவங்காட்டு மக்களுக்குக் கார்டைட் என்பது ஒரு ரசாயனப் பெயரன்று. தலைமுறை தலைமுறையாகத் தந்தையும் மகனும் வேலைக்குச் சென்றுவந்த இடத்தின் பெயர். 'கார்டைட் பேக்டரி' என்று அவர்கள் சொல்லும்போது அதில் கயிறும் இல்லை, கிரேக்கமும் இல்லை.

மேல்நாட்டுத் துப்பறியும் நாவல்களில் அச்சொல்லுக்கு மூன்றாவதொரு வாழ்வு கிடைத்தது. துப்பாக்கி வெடித்த அறையில் கார்டைட்டின் நெடி வீசியதாக எழுதாத ஆசிரியர் அரியர். இரண்டு உலக யுத்தங்களிலும் அந்த நெடியை உண்மையாக முகர்ந்து திரும்பிய தலைமுறை எழுதியவரை அது பொருந்தியது. இன்று கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இருப்பது கார்டைட்டன்று, சிறு மணிகளாகவும் செதில்களாகவும் செய்த வேறு நைட்ரோ செல்லுலோஸ் மருந்துகளே. பிரிட்டனிலும் கார்டைட் செய்வது நின்றுபோயிற்று. ஆகவே இக்காலத்துக் கதையில் அந்நெடி வீசுவதாக எழுதுவது பிழை; தமிழில் மொழிபெயர்ப்போர் அவ்விடத்தில் வெடிமருந்து நெடி என்று எழுதுவதே பொருந்தும். அருவங்காட்டுத் தொழிற்சாலையோ, 2021-இல் முனிஷன்ஸ் இந்தியா என்னும் பொதுத்துறை நிறுவனத்தின்கீழ் வந்தபின்னும், பல்வேறு நவீன உந்துமருந்துகளைச் செய்துகொண்டு, கார்டைட் என்னும் பெயரைத் தன் வாயிலில் தாங்கியே நடந்துவருகிறது.